இல்லாத அறையின் பாடபேதங்கள்

1785 பிப்ரவரி 28 அன்று, லண்டனில் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில், எதிர்க்கட்சி உறுப்பினர் எட்மண்ட் பர்க் ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றிப் பேச எழுந்தார். நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்குச் சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்கள் கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். அந்தக் கடன்களில் எது உண்மை, எது புனைவு என்று விசாரிக்காமலேயே ஆற்காட்டுச் சீமையின் வரிப்பணத்திலிருந்து அவற்றை அடைக்கப் பிரதமர் வில்லியம் பிட்டின் அரசு வழிசெய்திருந்தது. பர்க் அதைக் கிழித்தெறிந்தார். ஹைதர் அலியின் படை இறங்கியதையும், ஊர்கள் எரிந்ததையும், தஞ்சை வரையிலான ஏரிகள் பராமரிப்பின்றிக் கிடப்பதையும் அடுக்கினார்.

பின்னாளில் அச்சில் வந்த அந்தப் பேச்சு ஆங்கில அரசியல் உரைகளின் சிகரங்களில் ஒன்றாக மதிக்கப்பட்டது. ஆனால் பேசிய அன்று நிலைமை வேறு. இதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டுமா என்று பிட்டும் அவருடைய அரசில் இருந்த கிரென்வில்லும் தங்களுக்குள் கலந்துகொண்டு, தேவையில்லை என்று விட்டுவிட்டதாகச் சொல்வார்கள். எதிர்க்கட்சியின் தீர்மானம் தோற்றது.

வாசிக்கும்போது உலுக்குகிற பேச்சு, கேட்டவர்களை ஏன் தொடவில்லை? பேச்சின் நீளம், கட்சிக் கணக்கு, பர்க்கின் கரகரத்த குரல் என்று காரணங்கள் சொல்லலாம். அந்த அறைக்கும் இதில் பங்கு இருந்ததா? போய்ப் பார்க்க வழியில்லை. 1834 அக்டோபர் 16 இரவு அந்த அறை எரிந்துவிட்டது. இப்படி அழிந்துபோன ஓர் அறையைக் கணினிக்குள் திரும்பக் கட்டி, அதனிடம் கேள்வி கேட்கும் முறையைத்தான் இந்த அத்தியாயம் பேசுகிறது.

ஒரே சுவர்களுக்குள் பல அறைகள்

அந்த அறை அவைக்கூடமாகப் பிறக்கவில்லை. அரசர் முதலாம் எட்வர்ட் 1292இல் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் கட்டத் தொடங்கிய புனித ஸ்டீபன் தேவாலயம் அது. பாரிஸில் பிரெஞ்சு அரசர்கள் எழுப்பியிருந்த சென்ட் ஷபெல் தேவாலயத்துக்குப் போட்டியாக, கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம் என்று இரண்டு அடுக்காகத் திட்டமிட்டார்கள். பணத் தட்டுப்பாட்டால் வேலை நின்று நின்று நடந்தது. கட்டி முடிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மூன்றாம் எட்வர்ட் காலத்தில், 1350களில், ஹியூ என்ற ஓவிய ஆசான் தலைமையில் உட்சுவர் முழுக்க வண்ணமும் பொன்தகடும் ஏறின.

1540களின் இறுதியில் மதச் சீர்திருத்தம் இங்கேயும் எட்டியது. தேவாலயத்தின் சமயக் கல்லூரி கலைக்கப்பட்டு, இடம் காமன்ஸ் சபைக்குப் போனது. பாடகர் குழு எதிரெதிராக உட்காரும் இருக்கைகளில் உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முகத்துக்கு முகம் பார்த்து அமரும் பிரிட்டிஷ் வழக்கம் அங்கிருந்துதான் வந்தது என்பது பரவலான கருத்து. 1692இல் கிறிஸ்டோபர் ரென் மேல் ஜன்னல் அடுக்கை எடுத்துவிட்டுக் கூரையைத் தாழ்த்தினார். சுவர்களை மரப்பலகையால் மூடி, இருபுறமும் மாடங்கள் வைத்தார். 1707இல் ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் 45 பேர் சேர்ந்தார்கள். அயர்லாந்து இணைப்பால் மேலும் 100 பேர் வரப்போகிறார்கள் என்றதும், 1800இல் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் இடம் தேடிச் சுவரையே செதுக்கினார். அப்போதுதான் பலகைக்குப் பின்னால் 450 ஆண்டுப் பழைய ஓவியங்கள் வெளியே வந்தன. வந்த வேகத்திலேயே இடிபட்டும் போயின.

34 ஆண்டு கழித்து நேர்ந்த தீக்கு மூலம் ஒரு கணக்கு வழக்கு. அரசுக் கருவூலம் வரவு செலவைக் குறிக்கப் பயன்படுத்திய கோடுவெட்டிய மரக்குச்சிகள் வழக்கொழிந்து கிடந்தன. அவற்றைப் பிரபுக்கள் சபையின் அடியிலிருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். புகைபோக்கி பற்றிக்கொண்டது; அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது. தேவாலயத்தின் கீழ்த்தளமான நிலவறை மட்டும் தப்பியது. மேல்தளம் இருந்த இடத்தில் இன்று புனித ஸ்டீபன் மண்டபம் என்ற நடைக்கூடம் இருக்கிறது.

ஆகவே ‘அந்த அறையை மீட்டுருவாக்குகிறோம்’ என்று சொன்னால் முதல் கேள்வி: எந்த அறையை? 1360களின் தேவாலயமா, ரென் மாற்றிய அவையா, வயட் அகலப்படுத்திய அவையா? 2013 முதல் 2017 வரை யார்க் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஜான் கூப்பர் தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டம், இடைக்காலத் தேவாலயம் ஒன்று, பிற்கால அவை ஒன்று எனத் தனித்தனி மாதிரிகளாகக் கட்டியது. காலத்தை முடிவுசெய்யாமல் தொடங்கினால், எந்த நாளிலும் இருந்திராத ஒரு கலவை அறைதான் திரையில் வரும்.

சான்று எங்கே நிற்கிறது

இந்த அறைக்கான சான்றுகள் கீழிருந்து மேலே போகப் போக மெலிகின்றன. நிலவறை கல்லாகவே நிற்கிறது. லேசர் ஸ்கேனர் வினாடிக்குப் பல்லாயிரம் புள்ளிகளாக ஒரு சுவரை அளந்துவிடும். எனவே தளத்தின் நீள அகலத்திலும் தூண்களுக்கு இடையிலான தூரத்திலும் ஐயம் குறைவு. அதற்கு மேலே, ஜன்னல் மட்டம் வரைக்கும், பழங்கலை ஆய்வாளர்களின் வரைபடங்கள் கைகொடுக்கின்றன. ஜான் கார்ட்டர் வரைந்தவை 1795இல் வெளியாயின. ஓவியங்கள் வெளிப்பட்ட 1800இல், ஜே. டி. ஸ்மித் விடியற்காலையிலேயே வந்து, வேலையாட்கள் இடிக்கத் தொடங்குமுன் முடிந்ததை வரைந்துகொண்டு போனார். ரிச்சர்ட் ஸ்மர்க் பலிபீடச் சுவரில் இருந்த அரச குடும்ப ஓவியத்தைப் படியெடுத்தார். தப்பிய ஓவியத் துண்டுகள் சில பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அதற்கும் மேலே போனால் தரை நழுவுகிறது. மேல் ஜன்னல் அடுக்கை ரென் 1692லேயே எடுத்துவிட்டதால் அதை நேரில் அளந்தவர் யாருமில்லை. ஃபிரெடரிக் மெக்கன்ஸி 1844இல் தேவாலயத்தைப் பற்றி வெளியிட்ட நூலில் முழு உருவமும் இருக்கிறது. ஆனால் அதன் மேற்பகுதி அவருடைய ஊகம். பாரிஸின் தேவாலயத்தையும் அதே காலத்து ஆங்கிலக் கட்டடங்களையும் ஒப்பிட்டுத்தான் இன்றைய ஆய்வாளரும் அந்தப் பகுதியை நிரப்ப வேண்டியிருக்கிறது.

இவற்றோடு வேறொரு வகைச் சான்றும் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் கட்டுமானக் கணக்குச் சுருள்கள். யாருக்கு என்ன கூலி, எவ்வளவு பொன்தகடு, எந்த நிறப்பொடி, எவ்வளவு எண்ணெய், தூரிகைக்கு எவ்வளவு பன்றிமயிர் என்றெல்லாம் தோலில் எழுதிவைத்திருக்கிறார்கள். மயிலிறகும் அன்ன இறகும் கூட ஓவியர்களுக்காக வாங்கப்பட்டன. எந்தச் சுவரில் எந்த நிறம் என்று இந்தச் சுருள்கள் சொல்வதில்லை. ஆனால் என்ன பொருள் உள்ளே வந்தது என்பதை அடித்துச் சொல்கின்றன. மியூசியத் துண்டின் நிறத்தையும் கணக்குச் சுருளின் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சுவருக்கு நிறம் கிடைக்கிறது.

இங்கேதான் கணினியின் ஆபத்து தொடங்குகிறது. அளந்த கல்லையும் ஊகித்த கூரையையும் அது ஒரே பளபளப்போடு காட்டும். பார்ப்பவர் இரண்டையும் ஒரே அளவு நம்புவார். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் நல்ல பதிப்பாசிரியர் என்ன செய்வார்? செல்லரித்த இடத்தில் புள்ளியிடுவார். பிரதிகள் மாறுபடும் இடத்தில் பாடபேதத்தை அடியில் கொடுப்பார். தன் திருத்தத்தைத் தன் திருத்தம் என்றே காட்டுவார். டிஜிட்டல் மீட்டுருவாக்கத்துக்கும் அதே ஒழுக்கம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் கூடி எழுதியதுதான் லண்டன் சாசனம். 2006இல் முதல் வடிவமும் 2009இல் திருத்திய வடிவமும் வந்தன. மாதிரியின் ஒவ்வொரு பகுதியும் எந்தச் சான்றிலிருந்து வந்தது, வேறு எந்த வாய்ப்புகள் பரிசீலிக்கப்பட்டன, ஏன் தள்ளப்பட்டன என்ற குறிப்பு மாதிரியோடு சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறது அது. இந்தக் குறிப்புகளுக்குத் துறையில் ‘பாராடேட்டா’ என்று பெயர். சில குழுக்கள் உறுதியான பகுதியை அடர்த்தியாகவும் ஊகத்தை மங்கலாகவும் காட்டுகின்றன. சில, சான்றின் தரத்துக்கேற்ப வெவ்வேறு நிறம் பூசுகின்றன.

மெழுகுவத்தியின் கணக்கு

வடிவம் கிடைத்த பிறகு வெளிச்சம். தேவாலயத்தில் பகலில் வண்ணக் கண்ணாடி வழியே வெயில் வந்தது. இருட்டிய பின் மெழுகுவத்தி. ஒரு மெழுகுவத்தி தரும் ஒளி ஏறக்குறைய 12 லூமன். நம் வீட்டு 9 வாட் எல்ஈடி பல்பு 800 லூமனுக்கு மேல் தரும். ஒரு பல்புக்கு எழுபது மெழுகுவத்தி! திரையில் நாம் பார்க்கும் பெரும்பாலான மீட்டுருவாக்கங்கள் பளிச்சென்று இருப்பது அந்தக் காலத்து உண்மையால் அல்ல, நம் கண்ணின் பழக்கத்தால்.

இதைச் சரிசெய்ய, ஒளியின் இயற்பியலையே நிரலாக எழுதுகிறார்கள். விளக்கிலிருந்து ஒளிக்கதிர்கள் புறப்பட்டு ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன, எந்தத் திசையில் திரும்புகின்றன என்று கணினி பின்தொடர்கிறது. சுண்ணச் சுவர் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். பொன்தகடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் திருப்பியடிக்கும்; மற்ற கோணங்களில் கறுத்துத் தெரியும். சுடர் அசைந்தாலோ பார்ப்பவர் ஓரடி நகர்ந்தாலோ சுவரின் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்பது மாறிவிடும். பகல் வெளிச்சத்தில் எடுத்த மியூசியப் புகைப்படத்தில் இந்த மாற்றம் அகப்படாது. ஓவியர்கள் அவ்வளவு பொன் ஏன் வாங்கினார்கள் என்பது கணக்குச் சுருளைவிட இந்த மங்கலான கணினிப் படத்தில் நன்றாக விளங்குகிறது.

காலியாகும் அறையின் ஒலி

காட்சியை விட்டு ஒலிக்கு வருவோம். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் யார் பேசினாலும் புரியவில்லை. சொன்ன சொல் ஐந்து வினாடிக்கு மேல் அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து போட்டு, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். கிடைத்த சூத்திரம் இன்றும் ஒலியியலின் அரிச்சுவடி. எதிர்முழக்க நேரம் வினாடியில் வேண்டுமானால், அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் வகுக்க வேண்டும். உறிஞ்சலை அவர் ‘திறந்த ஜன்னல்’ கணக்கில் அளந்தார். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாதல்லவா?

பர்க் பேசிய அறைக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். அவைக்கூடம் ஏறக்குறைய 57 அடி நீளம், 33 அடி அகலம். அதாவது 17.5 மீட்டருக்கு 10 மீட்டர். கணக்குக்காக உயரத்தை 9 மீட்டர் என்று வைத்து, மாடங்களை ஒதுக்கிவிடுவோம். கன அளவு 1,575 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 845 சதுர மீட்டர். மரப்பலகை அடித்த அந்தப் பரப்பு ஒலியில் சராசரியாக 15 சதவீதத்தை உறிஞ்சுகிறது என்று கொண்டால், காலி அறையில் எதிர்முழக்கம் 2 வினாடி. உடை அணிந்த ஓர் ஆள் ஏறக்குறைய 0.45 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம். 400 பேர் நெருக்கி உட்கார்ந்தால் 0.8 வினாடி. பேச்சுத் தெளிவாகக் கேட்க ஒரு வினாடிக்குள் இருப்பது நல்லது. எனவே நிறைந்த அவை பேச்சாளருக்குச் சாதகம். 100 பேர் மட்டும் இருந்தால் 1.5 வினாடி. முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் படியத் தொடங்குகிறது.

பர்க்குக்குச் சபையில் ‘சாப்பாட்டு மணி’ என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவர் எழுந்தால் உறுப்பினர்கள் சாப்பிடக் கிளம்பிவிடுவார்களாம். அப்படியானால் வெளியே போகும் ஒவ்வொருவரும் தன்னோடு அரைச் சதுர மீட்டர் ஒலி உறிஞ்சியையும் எடுத்துப் போகிறார். மீதியிருப்பவர்களுக்குப் பேச்சு மேலும் மங்குகிறது. 1785இல் அதுதான் நடந்தது என்று இந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. ஆள் குறைந்தால் சலசலப்பும் குறையும்; அது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆனால் ‘அறைக்கும் பங்கு இருந்ததா’ என்ற கேள்வி இப்போது காற்றில் நிற்கவில்லை, அளக்கத்தக்கதாகிவிட்டது.

15 சதவீதம் என்பது நான் வைத்துக்கொண்ட எண். அதை 10 சதவீதமாக மாற்றிப் பார்ப்போம். காலி அறை 3 வினாடி, 100 பேருக்கு 2 வினாடி, 400 பேருக்கு 1 வினாடிக்குச் சற்றுக் குறைவு. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. அவை நிறைந்தால் பேச்சு துலங்கும், காலியானால் குழம்பும் என்ற உறவு மாறவில்லை. மீட்டுருவாக்கத்தின் அறிவியல் முறையே இதுதான். ஒரே ஒரு மாதிரியைக் கட்டி அதை நம்புவதில்லை. ஐயமுள்ள ஒவ்வொரு அளவையும் அதன் சாத்தியமான எல்லைக்குள் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். எல்லாப் பாடங்களிலும் நிலைத்து நிற்கும் முடிவை வைத்துக்கொள்கிறோம். ஒரு பாடத்தில் மட்டும் தோன்றும் முடிவு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் ஒதுக்குகிறோம்.

உண்மையான ஆய்வு சூத்திரத்தோடு நிற்பதில்லை. கணினி மாதிரிக்குள் பேச்சாளர் இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான ஒலிக்கதிர்களை அனுப்பி, கேட்பவரின் காதுக்கு எது எப்போது வந்துசேர்கிறது என்று பதிகிறார்கள். எதிரொலியே இல்லாத அறையில் ஒரு நடிகரின் குரலைப் பதிவுசெய்து, அதன்மேல் இந்த அறையின் பதிலை ஏற்றினால் அறை பேசுகிறது. நிற்கும் கட்டடமென்றால் இது எளிது. இஸ்தான்புல்லின் ஹேகியா சோஃபியாவில் ஸ்டான்ஃபோர்ட் குழு பலூன்களை உடைத்து ஒலியைப் பதிவுசெய்தே அதன் பத்து வினாடிக்கு மேற்பட்ட எதிர்முழக்கத்தைப் பிடித்துவிட்டது. எரிந்த அறைக்குள் பலூன் உடைக்க முடியாது. மாதிரி ஒன்றே வழி.

கூரைக்கு மேலே இருந்தவர்கள்

1778இல் பெண்களைப் பார்வையாளர் மாடத்திலிருந்து விலக்கினார்கள். அவர்கள் கூரைக்கு மேலே ஏறினார்கள். அவையின் சரவிளக்குப் புகையும் வெப்பமும் வெளியேற, நடுக்கூரையில் ஒரு திறப்பும் அதைச் சுற்றிப் பரணில் ஒரு மரக்கூண்டும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் அந்தக் கூண்டைச் சூழ்ந்து நின்று, துவாரங்கள் வழியே கீழே எட்டிப் பார்த்து விவாதங்களைக் கேட்டார்கள். எழுத்தாளர் மரியா எட்ஜ்வொர்த் 1822இல் இதைக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். சபை எழுத்தரின் மகள் ஃபிரான்ஸஸ் ரிக்மன் 1834இல் கூண்டை வரைந்துவைத்தார். சில மாதங்களில் அது எரிந்துபோனது.

அரசு வரைபடங்களில் இந்த இடம் வெறும் காற்றுப்போக்கி. ஒரு கடிதமும் ஒரு கோட்டோவியமும்தான் அதைக் கேட்கும் இடமாக்குகின்றன. யார்க் பல்கலைக்கழகத்தில் காட்ரியோனா கூப்பர் அவையின் ஒலியைக் கணினியில் மீட்டபோது, கேட்பவரின் இடங்களில் ஒன்றாக இந்தப் பரணையும் எடுத்துக்கொண்டார். 2018இல் வெஸ்ட்மின்ஸ்டர் கூடத்தில் நடந்த, நாடாளுமன்றத்தில் பெண்களின் இடம் பற்றிய கண்காட்சியில் அந்தக் கூண்டை மரத்திலேயே திரும்பச் செய்து வைத்தார்கள். கேட்பவரை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் ஒரு சான்றாய்வு முடிவு. சபாநாயகர் நாற்காலியில் மட்டும் நிறுத்திக் கட்டிய மாதிரியில் பெண்கள் ஒருபோதும் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

மாதிரிக்கும் வயதாகும்

அழிந்த அறையைப் பாதுகாக்கக் கட்டிய மாதிரி, அறையைவிடச் சீக்கிரம் அழியக்கூடும். 1086இல் இங்கிலாந்து அரசர் வில்லியம் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தின் 900ஆம் ஆண்டையொட்டி, 1986இல் பிபிசி ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டேயை லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பதினைந்து ஆண்டுக்குள் அதைப் படிக்கும் இயந்திரம் கிடைப்பதே அரிதாகி, தனி மீட்பு முயற்சி தேவைப்பட்டது. தோலில் எழுதிய பழைய புத்தகத்தை இன்றும் திறந்து படிக்கலாம். முப்பரிமாண மாதிரிகளின் கோப்பு வடிவங்களும் மென்பொருளும் அதே வேகத்தில்தான் மாறிக்கொண்டிருக்கின்றன.

அதனால் திட்டப் பணத்தில் பெரும்பங்கைப் பளபளப்பான படத்துக்குச் செலவிட்டு, குறிப்பெழுதுவதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுவது தலைகீழ் வேலை. இந்தச் சுவரை எதை நம்பி நிறுத்தினோம், இந்த உயரத்தை எந்த வரைபடத்திலிருந்து எடுத்தோம், எதை ஊகித்தோம், எந்த ஊகத்தைக் கைவிட்டோம் என்பதை எந்த மென்பொருளும் இல்லாமல் வாசிக்கக்கூடிய சாதாரண எழுத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அது இருந்தால், இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவி மெக்கன்ஸியின் கூரையை மறுக்கும் புதிய ஆவணத்தைக் கண்டெடுக்கும்போது, மாதிரியில் எந்தப் பகுதியை மட்டும் இடித்துக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் அவர் தரையிலிருந்தே தொடங்க வேண்டும்.